கூடைக்கு ரெண்டு

கியா பார்ம் காய்கறித் தோட்டத்தை விட்டு நடக்கத் தொடங்கி ஒரு பீடி முடிவதற்குள் இடது கால் ரப்பர்ச் செலிப்பார் அறுந்துவிட்டது. திரும்பிப் போய் வேறு ஜோடி எடுத்துவர முடியாது. கொஞ்சம் முன்னால்தான் தோட்ட முதலாளியான சீனத் தவுக்கேயிடம், "உன் கோழிச்சாணத்தை நீயே தின்னு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் சொன்னது. அவர் கோஸ் பாத்தியிலிருந்து நிமிரக்கூட இல்லை. "நீ மொதல்ல ருசி பாத்துச் சொல்லு லா," என்றார், என்னைவிடத் திருத்தமான தமிழில்.

அங்கே என் வேலை சாண மூட்டைகளை மேட்டுக்குத் தூக்குவது. படுக்கையும் அந்த மூட்டைகள் மேல்தான். மலைக்குளிரில் அவை வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வேலையில் இருந்த சுகம் அது ஒன்றுதான். நாற்றத்தை நான் கவனிப்பதை எப்போதோ விட்டிருந்தேன். மற்றவர்கள் கவனித்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

பிரிஞ்சாங் டவுனுக்குப் போய், காய்கறி லோரி ஏதாவது பிடித்து, மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கிவிடலாம் என்று கணக்கு. தார் ரோட்டில் போனால் தவுக்கேயின் லோரி எதிரே வரும் என்பதால் தேயிலைக் காட்டுக்குள் குறுக்கே இறங்கினேன். பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. கீழே ஒரு தோட்டமும், லயத்து வீடுகளும், அவற்றின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட தமிழ்ப் பள்ளிக்கூடமும் தெரிந்தன. ஒற்றைச் செலிப்பாரோடு ஓடிப்போய் அதன் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன்.

உள்ளே ஒரு வகுப்புப் பிள்ளைகள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு அமைதி பள்ளிக்கூடத்தில் ஏன் என்று எட்டிப் பார்த்தேன். ஓர் இளம் டீச்சர், கைப்பிடி சுற்றி நகல் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றிருந்தார். முழங்கை வரை கறுப்பு மை. மூக்கிலும் மை. எந்த நிமிஷமும் அழுகை வந்துவிடும் போலிருந்தது. பிள்ளைகள் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும், "யாருண்ணே? கங்காணி அனுப்புனாரா?" என்றார்.

"மழை அனுப்புச்சு டீச்சர்."

மெழுகுத்தாள் கிழிந்து உருளையில் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது. "மையை ஸ்டென்சில் மேல பூசக் கூடாது டீச்சர். உருளைக்குள்ள ஊத்தணும்," என்றேன்.

"இந்த மிஷின் உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். ஈப்போவில் ஒரு சின்ன அச்சாபீசில் கோயில் திருவிழா நோட்டீசும் கருமாதி நோட்டீசும் அடித்திருக்கிறேன். அங்கிருந்து ஏன் கிளம்பினேன் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.

டீச்சர் மூச்சு விடாமல் தன் நிலைமையைச் சொன்னார். அவர் தற்காலிக ஆசிரியை. புதிய பாடத்திட்டத்தில் கணக்குப் பாடம் எப்படி நடக்கிறது என்று பார்க்கக் கல்வி இலாகா அதிகாரி இன்று வருகிறார். அவர் சிபாரிசு செய்தால் டீச்சருக்குப் பயிற்சிக் கல்லூரி. "ரெண்டு தடவ எழுதிப் போட்டுட்டேண்ணே. இந்தத் தடவ இல்லன்னா வயசு தாண்டிடும். அப்புறம் காலேஜும் இல்ல, இந்த வேலையும் இல்ல. எங்கம்மா மாதிரி கூடையக் கட்டிக்கிட்டுக் கொழுந்துக்குத்தான் போகணும்." கணக்குப் பாட உபகரணப் பெட்டியும் அச்சடித்த பயிற்சித் தாள்களும் எடுத்துவரத் தலைமையாசிரியர் முதல் நாளே தாப்பாவுக்குப் போயிருந்தார். வழியில் மண்சரிவு. ரோடு அடைப்பு. "லோரிகூடப் போகாது," என்றார்.

அதாவது நானும் எங்கும் போக முடியாது.

"அதிகாரி?"

"அவரு முன்னாடியே மேல வந்துட்டாரு. தானா ராத்தா டவுன்ல தங்கியிருக்காரு. மண்ணு சரியறதுக்கு முன்னாடி இவரு வரணுமா?"

இயந்திரத்துக்கு ஒரே ஒரு மெழுகுத்தாள்தான் மிச்சம் இருந்தது. பிள்ளைகள் ஓய்வு நேரம் முடிந்து வகுப்புக்குத் திரும்பும்போது அதிகாரி வந்துவிடுவார். ஒரு மணி நேரம்தான்.

"கணக்க நீங்களே எழுதிடுங்கண்ணே. நான் குச்சி கட்டணும்," என்றார். தேயிலைக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிப் பிள்ளைகள் கூட்டல் செய்வதற்கு. "கூட்டல் கணக்கு. வாழ்க்கையில வர்ற மாதிரி இருக்கணும். புத்தகத்துல ரயிலத்தான் போட்டிருக்கான். இதுங்க பாத்ததெல்லாம் லோரிதான். போன வாரம், 'ரயில்லருந்து எட்டுப் பேரு எறங்குனாங்க'ன்னேன். 'ஏன் டீச்சர், மேடு ஏறலயா? தள்ளணுமா?'ன்னு கேக்குதுங்க." பிறகுதான் ஒரு சந்தேகம் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்களுக்குக் கணக்கு வருமா?"

"நாலாம் வகுப்பு வரைக்கும் வந்துச்சு டீச்சர். அதுக்கப்புறம் நான் போகல."

அவருக்கு வேறு வழியில்லை. எழுத்தாணியை என் கையில் கொடுத்தார்.

ஸ்டென்சில் வெட்டுவது ஓலையில் எழுதுவது போலத்தான். அழுத்தினால் கிழியும், அழுத்தாவிட்டால் மை இறங்காது. ஈரக்காற்றில் மெழுகுத்தாள் வேறு சுருண்டது. மனசில் முதலில் வந்ததை எழுதினேன்: ஒரு கொட்டகையில் 26 மூட்டைக் கோழிச்சாணம் இருந்தது, இன்னும் 17 மூட்டை வந்தது. டீச்சர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அண்ணே, அந்த ஐயா பசியாறிட்டு வர்ற நேரம். சாணம் வேணாம்."

சிவப்புத் திருத்தும் மை பூசிச் சாணத்தை அழித்தேன். ஜன்னல் வழியே பார்த்தேன். எதிர்ச் சரிவில் மழைக்குக் கித்தான் துணியைப் போர்த்திக்கொண்டு பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். எழுதினேன்: ஓர் அம்மா காலையில் 18 கிலோ கொழுந்து பறித்தார். மாலையில் 14 கிலோ பறித்தார். மொத்தம் எத்தனை கிலோ? மற்ற மூன்று கணக்குகளில் இரண்டு கோஸ், ஒன்று ஸ்ட்ராபெரி. இடம் மிச்சம் இருந்தது. முதல் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு கூடை வரைந்தேன். வாரோடு, பின்னலோடு, மேலே கொழுந்து ததும்ப. சும்மா சொல்லக் கூடாது, நல்ல கூடை. ஈப்போவில் பூரண கும்பம் வரைந்த கை அது.

அடுத்த வம்பு மை. குளிரில் குழாய்க்குள் கெட்டியாகி வரமாட்டேன் என்றது. அக்குளில் வைத்துக்கொண்டு வகுப்புக்குள் நடந்தேன். நான் நடந்த வழியெல்லாம் பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள். "காய்ச்சல் பாக்குறாரு டீச்சர்," என்றது ஒன்று. மை இளகியது. கைப்பிடியைச் சுற்றினேன். தாள்கள் ஈரமாக வந்து விழ, பிள்ளைகள் ஆளுக்கொன்றைத் தலைக்கு மேல் பிடித்து விசிறிக் காயவைத்தார்கள். ஜீப் சத்தம் கேட்டபோது டீச்சர் கை கழுவியிருந்தார். மூக்கு மையை மறந்துவிட்டார். சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் அதிகாரி வந்துவிட்டார்.

அவர் கோலாலம்பூர்ப் பக்கத்துத் தமிழர். புதுக் கம்பளிச் சட்டை, கழுத்தில் டை, காலில் அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை காலுறை. நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு முறை மூச்சை இழுத்தார்.

"பக்கத்துல சாக்கடை ஏதும் ஒடைஞ்சிருக்கா டீச்சர்?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"இவரு யாரு?"

"மிஷின் பாக்குறவரு ஐயா."

"எந்த இலாகா?"

"கோழி இலாகா," என்றது பின் வரிசையில் ஒரு குரல்.

பாடம் நன்றாகவே தொடங்கியது. குச்சிக் கட்டுகளைப் பிள்ளைகள் சேர்த்தார்கள், பத்தானதும் புதுக்கட்டு கட்டினார்கள், எண்ணிக்கை மாறாமல் சொன்னார்கள். அதிகாரி தலையை ஆட்டினார். டீச்சரின் தோள் கொஞ்சம் இறங்கியது. பிறகு தாள் கொடுத்தார். எழுதி முடித்ததும் அதிகாரியே வரிசை வரிசையாக வாங்கிப் பார்த்தார். கோஸ் சரி. இன்னொரு கோஸும் சரி. ஸ்ட்ராபெரியும் சரி. முதல் கணக்குக்கு வந்ததும் முகம் மாறியது. அடுத்த தாளை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார்.

"இருவத்தெட்டு. இருவத்தெட்டு. எல்லாரும் இருவத்தெட்டு." டீச்சரிடம் திரும்பினார். "ஒருத்தன் தப்பு பண்ணலாம். வகுப்பே ஒரே தப்பப் பண்ணுமா? ஒண்ணு பாத்து எழுதியிருக்காங்க. இல்ல, நீங்க விடைய முன்னாடியே சொல்லிக் குடுத்திருக்கீங்க. அதையும் தப்பா."

டீச்சர் ஒரு தாளை வாங்கிப் பார்த்தார். எப்போதும் வாயாடும் நான், பதினெட்டும் பதினாலும் முப்பத்திரண்டு என்பதை விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி முன் வரிசையில் இரட்டைச் சடை போட்ட பெண்ணை எழுப்பினார். "பதினெட்டும் பதினாலும் எவ்வளவு?"

"முப்பத்திரெண்டு சார்."

"அப்ப ஏன் இருவத்தெட்டுன்னு எழுதுனே?"

"கூடை சார்."

"என்ன கூடை?"

"கூடைக்கு ரெண்டு சார். காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. கங்காணி கழிப்பாருல்ல?"

"கணக்குல கூடை எங்கம்மா இருக்கு?"

அவள் அந்தப் பெரிய மனிதருக்குக் கண் தெரியாதோ என்று பரிதாபப்பட்டு, தாளில் விரல் வைத்துக் காட்டினாள். "இந்தா இருக்கே சார்."

அதிகாரி என் கூடையை வெகுநேரம் பார்த்தார். "இத யாரு வரைஞ்சது?"

"நான்தான். நல்லாருக்கா?" என்றேன்.

அந்தத் தோட்டத்தில் கொழுந்தைக் கூடையோடுதான் நிறுப்பார்கள். கூடையின் எடைக்கு இரண்டைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்வார்கள். பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லோரும் கொழுந்துக்காரிகள். கொழுந்து எடை என்றால் இரண்டைக் கழிக்க வேண்டும் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னால் தெரிந்த கணக்கு. டீச்சருக்கும் தெரியும். பழகிப்போனதால் என் கேள்வியில் அது குறுக்கே வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தெரியாதவன் நான் ஒருவன்தான், கேள்வி போட்டதும் நான்தான்.

அதிகாரி நம்பவில்லை. "நெசமாவே கழிக்கிறாங்களா? பாத்துரலாம்," என்று எழுந்தார். மழை விட்டிருந்தது. நிறுவைக் கொட்டகை பள்ளிக்குக் கீழேதான். முன்னால் அதிகாரி, பின்னால் டீச்சர், அவருக்குப் பின்னால் வகுப்பு முழுவதும், காற்று வீசும் பக்கம் பார்த்து ஒதுங்கி நான்.

உத்தரத்தில் தொங்கிய வட்டத் தராசின் கீழே கங்காணி குடையோடு நின்றிருந்தார். கம்பளித் தொப்பி, காக்கிச் சட்டை. இவ்வளவு பெரிய ஊர்வலம் தன்னைப் பார்க்க வந்ததில் அவருக்குச் சந்தோஷம்.

"ஆமாங்கய்யா, ரெண்டுதான்," என்றார். "வெள்ளக்காரத் தொரை காலத்துலருந்து கூடைக்கு ரெண்டு. ராத்தல் தராசு தொங்குனப்பவும் ரெண்டு. அதத் தூக்கிட்டு இந்தக் கிலோ தராச மாட்டுனாங்க, இப்பவும் ரெண்டு. தராசு மாறுச்சு, நான் மாறல. ஒரு பொம்பள என்னையக் கொற சொன்னது கெடையாது."

அதிகாரி மெதுவாகக் கேட்டார்: "மொதல்ல ரெண்டு ராத்தல். இப்ப ரெண்டு கிலோவா?"

"ரெண்டுங்க."

"கங்காணி, ராத்தலும் கிலோவும் ஒண்ணா?" என்றார் டீச்சர்.

"கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும் டீச்சரம்மா."

இரட்டைச் சடைக்காரி சொன்னாள்: "ஒரு கிலோன்னா ரெண்டு ராத்தலுக்கும் மேல. நம்ம செவுத்துப் படத்துல போட்டிருக்கு டீச்சர்."

 அதிகாரி கீழே கிடந்த ஒரு வெறுங்கூடையைத் தானே எடுத்துத் தராசில் மாட்டினார். முள் ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

கங்காணி தராசைத் தட்டிப் பார்த்தார். "குளிருக்குச் சுருங்கியிருக்கும்."

மறுபடி பார்த்தார்கள். அதே இடம். கங்காணி கூடையை இறக்கி, ஓடைத் தண்ணீரில் நன்றாக முக்கி எடுத்து மாட்டினார். முள் ஒன்றைத் தாண்டி மயிரிழை நகர்ந்தது. ஒரு கணம் யோசித்துவிட்டுத் தன் குடையை மடக்கிக் கூடைக்குள் போட்டார்.

"கொடை எதுக்கு?" என்றார் அதிகாரி.

"மழக்காலத்துல வேணும்லங்கய்யா."

அப்போதும் இரண்டு வரவில்லை. காலைக் கொழுந்தை நிறுக்க இறங்கி வந்த பெண்கள் கொட்டகையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி சொன்னாள்: "நீங்களே ஏறி உள்ள ஒக்காருங்க கங்காணி. ரெண்டு வருதான்னு பாப்போம்."

சிரிப்பு அடங்கியபோது கங்காணி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அந்த மனுஷன் யாரையும் ஏமாற்றவில்லை. கிலோ தராசு வந்த அன்று யாரும் அவரிடம் எண்ணை மாற்று என்று சொல்லவில்லை, அவரும் மாற்றவில்லை. "எங்கூட்டுக்காரியும் இதுலதானேய்யா நிறுக்கறா," என்றார் பரிதாபமாக. "அவளுக்கும் ரெண்டுதான் கழிச்சேன். இப்ப நான் எப்படி வீட்டுக்குப் போவேன்?"

பள்ளிக்குத் திரும்பியதும் டீச்சர் நேரடியாகவே கேட்டுவிட்டார்: "ஐயா, என் சிபாரிசு?"

அதிகாரி தாள்களை மேசையில் தட்டி அடுக்கினார். "அதுதான் சிக்கல். தாளுக்கு மார்க்கு போட்டாத்தான் சிபாரிசு. முப்பத்திரெண்டுன்னா கூட்டல்படி சரி. இருவத்தெட்டுன்னா தோட்டத்துப்படி சரி. தராசுப்படி பாத்தா ரெண்டுமே தப்பு. சரியான விடை எதுன்னு தெரியாம நான் என்னத்தத் திருத்துறது?"

"கூடை எடை முடிவானா?"

"முடிவானா நானும் முடிவு பண்றேன். எப்படியும் ரோடு அடைப்பு. நாளைக்குக் காலையில வர்றேன்."

இப்படியாக ஒரு டீச்சரின் கல்லூரி ஒரு மூங்கில் கூடையில் போய்த் தொங்கியது. அவர் என்னைத் திட்டவில்லை. "கூடை மட்டும் வரையாம இருந்திருக்கலாம்ணே," என்றார், அவ்வளவுதான். சாயங்காலம், பள்ளித் தாழ்வாரத்திலேயே தங்கிவிட்ட எனக்குச் சோறும் கருவாட்டுச் சம்பலும் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு முழுச் சவர்க்காரக் கட்டி. பள்ளிக் குழாயில் குளித்தேன். தண்ணீர் எலும்பைத் தொட்டது. லயத்திலிருந்து வந்த பேச்செல்லாம் "ரெண்டு" "ரெண்டு" என்றே கேட்டது. பிள்ளைகள் வீட்டுக்கு வீடு பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். கங்காணி வீட்டிலிருந்து பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் வந்தது.

மறுநாள் காலையில் ஒரு பெண்ணும் மலை ஏறவில்லை. கொட்டகைக்கு முன்னால் வெறுங்கூடைகளை வரிசையாக வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்கள். கூச்சல் இல்லை. தோட்டத்து மேனேஜர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவர் சிரம்பான்காரர், வெள்ளைத்தோலும் இல்லை, இருந்தாலும் அங்கே அவருக்குப் பெயர் துரைதான். வரிசையைப் பார்த்தார், கங்காணியைப் பார்த்தார், ஜீப்பில் சாய்ந்து நின்ற இலாகா அதிகாரியைப் பார்த்தார். வெளியாள் முன்னால் சண்டை வேண்டாம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"எல்லாக் கூடையையும் நிறுங்க. எது எவ்வளவோ அத அதுக்குக் கழிங்க," என்றார்.

"தொரை, வெறுங்கூடைய நிறுக்க ஒரு கை, கொழுந்த நிறுக்க ஒரு கை, எழுத ஒரு கை. நான் என்ன முருகனா?" என்றார் கங்காணி.

"வேற ஆளப் போடு."

ஆள் போடுவதில்தான் சண்டை வந்தது. ஒருவன் இன்னாருக்கு மச்சான், இன்னொருவன் இன்னாருக்குச் சித்தப்பா மகன். கேட்ட பெயரெல்லாம் யாருக்காவது சொந்தமாக இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத ஆள் வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்கு யாரும் இல்லை என்பது ஒரு தகுதியானது அன்றைக்குத்தான். துரை என் கால்களைப் பார்த்தார், ஸ்டோரிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கொண்டுவரச் சொன்னார். சம்மதமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பூட்ஸ் பொருந்தியது.

முதல் கூடைகளை மாட்டி இறக்கினேன். கொஞ்சம் முன்பின்னாக எல்லாம் ஒரு கிலோதான். அதிகாரி ஜீப்பின் மூக்கில் தாள்களைப் பரப்பி, சிவப்புப் பேனாவை எடுத்தார். டீச்சர் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"பிள்ளைங்க தப்பே பண்ணல டீச்சர்," என்றார் அவர். "தெரிஞ்ச வழிய ஒழுங்கா போட்டிருக்காங்க. கூட்டி, கழிச்சு, ரெண்டு தடவ கழிச்சிருக்காங்க. எல்லாருக்கும் முழு மார்க்கு. கேள்விதான் தப்பு." என் கூடைப் படத்துக்குள்ளே ஒரு பெரிய முட்டை போட்டார். "இது கோழி இலாகாவுக்கு."

"எனக்குங்கய்யா?" என்றார் டீச்சர்.

"ஒங்களுக்கு நான் காலேஜுக்கு எழுதறேன். அங்க போயி மொதல்ல கேள்வி போடக் கத்துக்குங்க." பிறகு தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "நேத்தே சொல்லணும்னு நெனச்சேன். மை."

டீச்சர் மூக்கைத் தேய்த்தார். சிரித்தாரா அழுதாரா என்று பார்க்க எனக்கு நேரமில்லை. அடுத்த கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் கங்காணியின் மனைவி. அவரும், பக்கத்தில் எடை எழுதிக்கொண்டிருந்த கங்காணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நான் கூடையை மாட்டினேன். முள் ஆடி நின்றது.

"ஒண்ணு," என்றேன்.

"சத்தமா சொல்லு தம்பி," என்றார் அந்த அம்மா. "எழுதறவருக்குக் காது கொஞ்சம் மந்தம்."

மலை கேட்கும்படி இன்னொரு தரம் கத்தினேன். கங்காணி தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். நான் அடுத்த கூடையை எடுத்து மாட்டினேன்.